கம்பெனி கைமாறிய சொகுசு கார்: 30 மாதம், 18 லட்சம், நான் கேட்காமல் விட்ட கேள்விகள்

2021 பிப்ரவரியில் ஒரு சொகுசு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2023 ஆகஸ்டில் விற்றுவிட்டேன். இடையில் இருந்த 30 மாதத்தில் வண்டி ஓடியது 21,000 கிலோமீட்டர். என் கையை விட்டுப் போனது 18 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வாங்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்த யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பணம் மிச்சமாகியிருக்கும். அப்படி ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். ஐரோப்பியக் கம்பெனி, பெரிய செடான், ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கைமாறிய கம்பெனி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கான உதிரி பாகங்கள் செய்து கொடுக்கிறோம். அப்பா மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது மில் முதலாளியின் கார் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களிடம் வர்ணிப்பார். அந்த மாதிரி ஒரு காரில் அவரை உட்காரவைக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. பட்டறை நன்றாக ஓடிய காலம் அது. பாதி சேமிப்பு, பாதி கடன் என்று 23.5 லட்சம் புரட்டினேன். புதுசாக வாங்கினால் மூன்று மடங்குக்கு மேல் ஆகும் வண்டி. ஓடியிருந்தது 48,000 கிலோமீட்டர்தான். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை.

தயக்கம் எனக்கும் இருந்தது. இந்தக் கம்பெனி வண்டி செலவு வைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். புரோக்கரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணா, அதெல்லாம் பழைய முதலாளி காலத்துப் பேச்சுங்க. கம்பெனி கைமாறிருச்சு. புது ஆளுங்க பணத்தைக் கொட்டி எல்லாத்தையும் சரி பண்ணீட்டாங்க. இது கைமாறுனதுக்கு அப்பறம் வந்த வண்டிங்க." ஆர்.சி.யைக் காட்டினார். தயாரிப்பு மாதமும் வருஷமும் அதில் இருந்தன. கம்பெனி விற்கப்பட்ட தேதியைப் போனில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், வண்டி அதற்குப் பிறகு தயாரானது. அங்கேயே மனசு இறங்கிவிட்டது. தேதி சரியாக இருந்தது. ஆனால் அந்தத் தேதியை வைத்து நான் முடிவு செய்தது தவறு. அது எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து மருதமலைக்குப் போனோம். வழியெல்லாம் கதவின் உள்பக்க மரப்பட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு நாளை நினைத்தால் வாங்கியதே தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

அக்டோபரில் ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜ் போட்டு எடுத்தேன், மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. புது பேட்டரி 28,000 ரூபாய் கொடுத்துப் போட்டேன், அதுவும் ஒரு வாரத்தில் படுத்துவிட்டது. கடைசியில் சர்வீஸ் சென்டரில் கண்டுபிடித்தார்கள். வண்டியைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக வேண்டும். அதில் ஒரு மாட்யூல் தூங்காமல் ராத்திரி முழுக்க கரன்ட் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை மாற்ற 74,000. செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரி வண்டி பார்க்கிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் எவரும் செய்து கொடுப்பார். கூடவே ஸ்கேனர் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் ஃபால்ட் கோடு (கோளாறுக் குறி) எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தது பெயின்ட்டையும் டயரையும் மட்டும்தான்.

அதற்கடுத்த வருஷம் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்கள். டீலர் கைவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. எனக்கு ஒரு மெசேஜ்கூட வரவில்லை. ஆயில் சர்வீஸுக்கு நாள் கேட்கப் போன் செய்தேன், நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. நேரில் போனால் கண்ணாடிக் கதவில் சங்கிலி. இனிமேல் பக்கத்தில் இருப்பது கொச்சி, இல்லையென்றால் சென்னை. அன்றைக்கே வண்டியை விற்றிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு சர்வீஸ்தானே, கொச்சிக்குப் போய்வந்தால் போகிறது என்று இருந்துவிட்டேன். கம்பெனி கைமாறினால் டீலர்களும் மாறுவார்கள், குறைவார்கள், ஒப்பந்தங்களைப் புதுசாகப் போடுவார்கள். வாங்கும் நாளில் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதை வைத்து ஐந்து வருஷக் கணக்குப் போடாதீர்கள். அந்த டீலர் எத்தனை வருஷமாக இந்தக் கம்பெனியை எடுத்து நடத்துகிறார், மாதம் எத்தனை புது வண்டி விற்கிறார் என்று விசாரியுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று வண்டி விற்கிற ஷோரூம் எவ்வளவு நாள் தாங்கும் என்று வியாபாரம் செய்கிற யாருக்கும் தெரியும்.

பிறகு வந்தது பெருந்துறை ராத்திரி. ஈரோட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, மனைவி, பையன் எல்லாரும் வண்டியில். ஏசி வழியாக ஒரு தித்திப்பான வாடை வந்தது, சர்க்கரைப் பாகு தீய்ந்த மாதிரி. "ஏங்க, ஏதோ கருகற வாசனை வருதுங்க" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் மீட்டரில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. எனக்கு அந்த வாடை என்னவென்று தெரியும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சூடாகிக் கசியும் வாடை. தெரிந்தும், இருட்டில் ஹைவே ஓரம் வயசானவர்களை வைத்துக்கொண்டு நிற்பதா என்று யோசித்து, வெளிச்சம் இருந்த பங்க் வரை ஒரு மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கு நான் பிற்பாடு கொடுத்த விலை 3.2 லட்சம். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். சிவப்பு எழுத்து வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆட்களை வேறு வண்டி பிடித்து அனுப்பிக்கொள்ளலாம்.

ராத்திரி ஒரு ட்ரக்கில் ஏற்றி கோயம்புத்தூர், மறுநாள் இன்னொன்றில் கொச்சி. இரண்டுக்கும் சேர்த்து 31,000. கொச்சியில் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் கையில் கொடுத்தார்கள். இன்ஜினின் மேல் நடுவில், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அடியில் போகும் கூலன்ட் பைப் அது. இரண்டு விரலால் லேசாக அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. பட்டறைக்காரன் புத்தி, மிச்சத் துண்டை எடுத்துவந்து வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். சுவர் கனம் 2.1 மில்லிமீட்டர். கண்ணாடி இழை கலந்த நைலான். இன்ஜினில் மிகவும் சூடாகிற இடத்தில், ஒவ்வொரு நாளும் கொதித்து ஆறி, கொதித்து ஆறி, ஏழெட்டு வருஷத்தில் அதன் பசை போய்விடுகிறது. பைப்பும் வாட்டர் பம்பும் மாற்றி வேலைக்கூலி சேர்த்து 86,000. அதைவிடக் கொடுமை காத்திருந்த காலம். ஒன்பது வாரம். ஆர்டர் போட்ட பார்ட் நம்பர் ரத்தாகி வேறு நம்பர் வந்திருக்கிறது, அந்தப் புது நம்பரும் ஸ்டாக்கில் இல்லை, வெளிநாட்டு கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் செய்வேன். "அடுத்த வாரம் வந்திரும் சார்" என்பார்கள். வீட்டில் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது, நான் பையனின் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பது வாரத்தில்தான் உட்கார்ந்து படித்தேன். கம்பெனி கைமாறிய பிறகும் என் வண்டியின் இன்ஜின் ஏன் பழைய மாதிரியே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. வெவ்வேறு கம்பெனிகள் கைமாறிய கதைகளைப் பார்த்தேன். எல்லாம் பொதுவில் கிடைக்கிற விவரம்தான், என் வண்டி எது என்று இதில் தேட வேண்டாம். 2008 ஜூனில் டாடா மோட்டார்ஸ் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் விற்ற பிறகும் ஃபோர்டு ஒப்பந்தப்படி அவர்களுக்கு இன்ஜின் கொடுத்துக்கொண்டே இருந்தது. வேல்ஸில் ஃபோர்டின் பிரிட்ஜென்ட் ஆலையில் ஜாகுவார் லேண்ட் ரோவருக்கான வி8 இன்ஜின்கள் பல வருஷம் தயாராயின. அந்த ஆலை மூடப்பட்டது 2020இல். ஜாகுவார் லேண்ட் ரோவர் தனக்கென்று வுல்வர்ஹாம்ப்டனில் இன்ஜின் ஆலை திறந்தது 2014இல். அதாவது முதலாளி மாறி ஆறு வருஷம் கழித்துத்தான் சொந்த இன்ஜின் வர ஆரம்பித்தது. வோல்வோவும் அப்படித்தான். சீனாவின் ஜீலி அதை 2010இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது. முற்றிலும் புது அடித்தளத்தில் எக்ஸ்சி90 அறிமுகமானது 2014இல். ஃபோர்டு காலத்தில் உருவான முதல் எக்ஸ்சி60 2017 வரைக்கும் தயாரிப்பில் இருந்தது. ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகள் இரண்டு வேறு முதலாளிகள் காலத்துப் பிள்ளைகள்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி. 2009இல் அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட வண்டி நம்பகத்தன்மை ஆய்வில் ஜாகுவார், ப்யூக் என்ற இன்னொரு கார் கம்பெனியோடு சேர்ந்து முதலிடத்துக்கு வந்தது. டாடா வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதைப் பார்க்கிற எவரும் புது முதலாளி வந்ததும் தரம் ஏறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்த ஆய்வு மூன்று வருஷம் ஓடிய வண்டிகளைப் பற்றியது. எல்லாம் 2006 மாடல், ஃபோர்டு காலத்தில் செய்தவை. நல்ல பெயரானாலும் கெட்ட பெயரானாலும் முதலாளிக்குப் பின்னால் சில வருஷம் தாமதமாகத்தான் வந்து சேருகிறது. எங்கள் தொழிலில் ஒரு ஃபவுண்டரியை வேறு ஆள் எடுத்தால் முதல் மாதமே மணலும் ஆளும் மாறும், வார்ப்பின் தரம் கையில் தெரியும். கார் அப்படி இல்லை. ஒரு மாடலை உருவாக்கவே நாலைந்து வருஷம் பிடிக்கும், ஒரு இன்ஜின் பத்து வருஷத்துக்கு மேலும் தயாரிப்பில் இருக்கும். கைமாறின மறுநாளும் லைனில் அதே வார்ப்பு, அதே சப்ளையர், அதே 2.1 மில்லிமீட்டர் பைப்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னும் சிக்கலானது பென்ட்லி கதை. 1998இல் ஃபோக்ஸ்வேகன், பென்ட்லி தயாரான க்ரூ ஆலையை வாங்கிய அதே வருஷம் பென்ட்லி ஆர்னாஜ் வெளிவந்தது, பி.எம்.டபிள்யூ இன்ஜினோடு. அடுத்த வருஷமே புது முதலாளி அதற்குள் பென்ட்லியின் பழைய 6.75 லிட்டர் இன்ஜினைப் பொருத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வண்டி. உள்ளே பார்ட் நம்பர் எல்லாம் வேறு. அதே ஆலையில் தயாரான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் செராஃப் 2002 வரை பி.எம்.டபிள்யூ வி12 இன்ஜினோடுதான் வந்தது. அதனால் பழைய வண்டி வாங்குகிறவர் கம்பெனி எந்த வருஷம் கைமாறியது என்பதோடு நிறுத்தக்கூடாது. இந்த இன்ஜின் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை வந்தது, கியர்பாக்ஸ் யார் செய்தது, இதே இன்ஜின் வேறு எந்த வண்டியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். நிறைய விற்கிற இன்னொரு வண்டியிலும் அதே இன்ஜின் இருந்தால் உதிரி பாகம் கிடைக்க வழி உண்டு. கைமாறின சமயத்தில் இரண்டு மூன்று வருஷம் மட்டும் வந்து நின்றுபோன இன்ஜின் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் வண்டியில் இருந்தது அப்படி ஒன்று.

ஸ்வீடனின் சாப் கம்பெனி கார் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டையும் படித்தேன். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 2010இல் ஸ்பைக்கர் என்ற சின்ன டச்சுக் கம்பெனிக்கு விற்றது. 2011 டிசம்பரில் சாப் திவாலானது. அமெரிக்காவில் தான் சொந்தக்காரராக இருந்த காலத்தில் விற்ற வண்டிகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வாரண்டியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். உதிரி பாகப் பிரிவு தனிக் கம்பெனியாக இருந்ததால் ஸ்வீடன் அரசின் கைக்குப் போய்த் தப்பியது, பழைய வண்டிகள் அதனால்தான் இன்றும் ஓடுகின்றன. வாரண்டித் தாளில் யார் பெயர் இருக்கிறது, எந்த நிறுவனம் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்ப்பது இதற்காகத்தான். நானும் ஒரு எக்ஸ்டெண்டட் வாரண்டி வைத்திருந்தேன். அது டீலர் தரப்பில் வேறொரு நிறுவனம் கொடுத்தது. ரப்பர், பிளாஸ்டிக், ஹோஸ் வகைகள் எதற்கும் பொருந்தாது என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் முதல் பக்கத்தைத் தாண்டி நான் திருப்பவில்லை.

வண்டி திரும்பி வந்து நாலு மாதம் ஓடியது. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, கூலன்ட் டேங்கில் குமிழி. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு போய்விட்டது. அந்த மூன்று கிலோமீட்டர் சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. இன்ஷூரன்ஸில் கேட்டேன். விபத்து என்றால் கொடுப்போம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் பாலிசியில் சேராது என்றார்கள். என் பாலிசியைப் படித்தேன், அப்படித்தான் இருந்தது. இன்ஜின் புரொடெக்ட் போட்டிருக்கிறேனே என்று கேட்டேன். தண்ணீர் புகுந்ததற்கும் அடிபட்டு ஆயில் ஒழுகியதற்கும்தான் அது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஒரு வக்கீலிடம் உட்கார்ந்தேன். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார். ஆனால் நான் வாங்கியது தனி ஆளிடம், விற்றவர் எந்த உத்தரவாதமும் எழுத்தில் கொடுக்கவில்லை, தயாரிப்புக் குறை என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும், அது சுலபமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஃபீஸும் வாங்கிக்கொள்ளவில்லை. ஷோரூமில் சர்டிபிகேட்டோடு விற்கிற பழைய வண்டிக்கு விலை கூடுதல்தான், ஆனால் சண்டை போட ஒரு பில்லாவது கையில் இருக்கும்.

கொச்சியில் ஹெட் வேலைக்குக் கேட்டது 5.7 லட்சம், அதுவும் பாகம் வந்த பிறகு. கடைசியில் நம்ம ஊரிலேயே, ஒரு வீதிக்குள் நாலு வெளிநாட்டுக் கார்களைத் திறந்து போட்டுக்கொண்டு வேலை செய்யும் ஒரு தம்பியைப் பிடித்தேன். முன்பு மூடிப்போன அதே சர்வீஸ் சென்டரில் டெக்னீஷியனாக இருந்தவர். "ஏனுங்ணா, முதல்லயே இங்க வந்திருக்கலாமுங்க. இந்த பைப்புக்கு அலுமினியத்துல வெளி மார்க்கெட்டு ஐட்டம் இருக்குதுங்க" என்றார். வளைந்த ஹெட்டை ஃபேஸ் பண்ணி (மட்டமாகச் சீவி), கேஸ்கட் செட், செயின் டென்ஷனர், அந்த அலுமினிய பைப் எல்லாம் போட்டு 3.2 லட்சத்தில் முடித்தார். டீலர் மூடினால் அங்கே வேலை செய்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று முதல் வாரமே விசாரித்து நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் கொச்சிப் பயணமே இருந்திருக்காது.

அதற்கு மேல் வண்டியை வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. ராத்திரி வண்டியைப் பூட்டிவிட்டு வந்தாலும் காலையில் கீழே ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் பஸ்ஸில் போனோம். வாங்கியது 23.5 லட்சம், விற்றது 10.75. அதிலேயே 12.75 போயிற்று. மாட்யூலும் பேட்டரியும் 1.02, ட்ரக் 31,000, பைப் 86,000, ஹெட் 3.2. மொத்தம் 18.14 லட்சம். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், கடன் வட்டி சேர்க்காமலே கிலோமீட்டருக்கு 86 ரூபாய். பையனின் காலேஜ் செலவுக்கு எடுத்து வைத்திருந்ததில் கை வைத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது யாராவது இந்த மாதிரி வண்டி பார்க்கப் போகிறேன் என்றால், ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் பார்ட்ஸ் கவுன்டருக்குப் போன் செய்யச் சொல்கிறேன். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து மூன்று பொருள் கேளுங்கள்: வாட்டர் பம்ப், கூலன்ட் பைப், முன் சஸ்பென்ஷன் ஆர்ம். வெறும் பெயரோடு விடாமல் பார்ட் நம்பரையும் வாங்கி, ஸ்டாக் இந்தியாவில் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும், விலை என்ன என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஊரில் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் "ஆர்டர் போட்டுத்தான் வரணும் சார்" என்று பதில் வந்தால் புரோக்கர் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அதே சேஸிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனியில் ஏதாவது ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடலாம், காசு கேட்க மாட்டார்கள். வாங்கும் விலையில் கால்வாசியையாவது தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் இந்த வண்டிக்கு இறங்க வேண்டாம்.

விற்கும்போது வந்தவர் திருச்சூர்க்காரர். எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். எந்த இன்ஜின், எப்போது நின்றுபோனது, என்னென்ன போனது, எது இனிமேல் போகலாம் என்று உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு விலையில் ஒரு லட்சம் குறைத்தார். சரி என்றேன். சொந்தமாக கராஜ் வைத்திருப்பவர், சமாளித்துக்கொள்வார். போன மாதம் போன் செய்தார். வண்டி ஓடுகிறதாம், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் லேசான கசிவாம், பழைய நம்பரா புது நம்பரா எதை ஆர்டர் போடுவது என்று கேட்டார். டைரியில் இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னேன், அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.